பேனுக்கு ஒரு பெயர், பட்டாம்பூச்சிக்கு ஊர்ப்பட்ட பெயர்

கேள்வி இதுதான்: எறும்பு, ஈ, கொசு, கரப்பான், பட்டாம்பூச்சி என்று தினமும் சொல்கிறோமே, இந்தப் பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன? அவற்றுக்குப் பொருள் ஏதும் உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. சிலவற்றுக்கு எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது. எதற்குப் பொருள் தெரிகிறது, எதற்குத் தெரியவில்லை என்று பிரித்துப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை விளக்கப் பேனிலிருந்து தொடங்குகிறேன். அழகான தொடக்கம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பேன். மலையாளத்திலும் பேன். தெலுங்கில் பேனு. கன்னடத்தில் ஹேனு. கன்னடத்தில் மட்டும் எழுத்து மாறியிருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் தேய்ந்துபோனது. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புழு ஹுளு. ஆக நான்கு மொழியிலும் இருப்பது ஒரே சொல். இந்த மொழிகள் பிரிவதற்கு முன்பே பேன் இருந்தது, பெயரும் இருந்தது. அந்தச் சொல்லை மேலும் உடைத்து "இதற்கு இன்ன பொருள்" என்று சொல்ல முடியாது. பேன் என்றால் பேன், அவ்வளவுதான்.

இப்போது பட்டாம்பூச்சிக்கு வாருங்கள். தமிழில் பட்டாம்பூச்சி, வண்ணத்துப்பூச்சி. மலையாளத்தில் பூம்பாற்ற. கன்னடத்தில் சிட்டெ. தெலுங்கில் சீதாகோக சிலுக. ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. தெலுங்குப் பெயரைப் பிரித்தால் சீதையின் சேலை, கிளி என்று வரும். ஒரு பூச்சிக்கு இதைவிட ஆடம்பரமான பெயரை நான் பார்த்ததில்லை. மலையாளப் பெயர் இன்னும் வேடிக்கை. அங்கே பாற்ற என்றால் கரப்பான்பூச்சிக்கும் பெயர். அதன் முன்னால் ஒரு பூவைச் சேர்த்ததும் பட்டாம்பூச்சி ஆகிவிட்டது.

இது திராவிட மொழிகளின் தனிக் குணமா என்றால், இல்லை. லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளைப் பாருங்கள். பட்டாம்பூச்சி பிரெஞ்சில் பாப்பியோன், ஸ்பானியத்தில் மாரிபோசா, இத்தாலியத்தில் ஃபர்ஃபல்லா, போர்ச்சுகீசியத்தில் போர்போலெட்டா. கேட்டால் உடன்பிறந்த மொழிகள் என்றே தோன்றாது. ஆனால் அதே மொழிகளில் பேனுக்கான சொற்கள் எல்லாமே பெதிகுலுஸ் என்ற லத்தீன் சொல்லின் பிள்ளைகள். வடக்கே போனாலும் இதே கதை. பேன் ஆங்கிலத்தில் லவுஸ், ஜெர்மனில் லவுஸ், டேனிஷில் லூஸ். பட்டாம்பூச்சியோ ஆங்கிலத்தில் பட்டர்ஃப்ளை, ஜெர்மனில் ஷ்மெட்டர்லிங், டேனிஷில் 'கோடைப் பறவை' என்று பொருள்படும் சொமர்ஃபூல்.

மொழிகளின் உறவை அளப்பதற்காக, எளிதில் மாறாத சொற்கள் என்று நூறு சொற்களைப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டார் மாரிஸ் சுவாதேஷ் என்ற அமெரிக்க மொழியியலாளர். நான், நீ, தண்ணீர், நெருப்பு, கண் என்று போகும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்த ஒரே பூச்சி பேன்தான்.

காரணம் எளிது. பேன் தலையிலேயே குடியிருந்தது. தாய் பிள்ளைக்குப் பேன் பார்க்கும்போதே சொல்லும் கைமாறிவிடும். புதிதாகப் பெயர் வைக்க அங்கே இடைவெளியே இல்லை. பட்டாம்பூச்சியால் யாருக்கும் தொல்லையும் இல்லை, வேலையும் இல்லை. அதைத் துரத்துவது குழந்தைகள், வர்ணிப்பது கவிஞர்கள். இந்த இரண்டு கூட்டமும் சொற்களை இருந்தபடி விட்டுவைக்கிற கூட்டமா? ஒவ்வொரு தலைமுறையும் செல்லமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. பூச்சிப் பெயர்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்: நம்மோடு ஒட்டி வாழ்ந்தவற்றின் பெயர்கள் குட்டையானவை, பழையவை, பிரிக்க முடியாதவை. நாம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவற்றின் பெயர்கள் நீளமானவை, பிரித்தால் உள்ளே ஒரு கதை இருக்கும்.

ஈ முதல் வகை. ஒரே எழுத்து. மலையாளத்தில் ஈச்ச, தெலுங்கில் ஈக. எறும்பும் அப்படித்தான், கன்னடத்தில் இருவெ. தேனீ என்று சொல்லும்போது அந்தப் பழைய ஈயை எடுத்துத்தான் முன்னால் தேனைச் சேர்க்கிறோம். உண்மையில் தேனீ ஈயின் இனம் இல்லை. ஈக்கு இரண்டு இறக்கை, தேனீக்கு நான்கு. உறவு என்று பார்த்தால் எறும்புக்குத்தான் அது நெருக்கம். ஆனால் பெயர் வைத்தவர்கள் இறக்கையை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. சிறிதாக இருந்து மொய்த்தால் ஈ. ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. அங்கே பூச்சியியலாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: உண்மையான ஈ என்றால் 'ஹவுஸ் ஃப்ளை' என்று இரண்டு சொல்லாக எழுதுவார்கள், போலி ஈ என்றால் 'பட்டர்ஃப்ளை' என்று சேர்த்து எழுதிவிடுவார்கள்.

கறையானுக்குச் செல் என்று ஒரு பெயர் இருந்தது தெரியுமா? தனியாக யாரும் இப்போது சொல்வதில்லை, ஆனால் "செல்லரித்த புத்தகம்" என்கிறோமே, அதில் இருப்பது அந்தச் செல்தான். இன்னொரு வடிவம் சிதல். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும் இடத்தில் "சிதலும் எறும்பும் மூவறி வினவே" என்று வருகிறது. கன்னடத்தில் இதன் உறவு கெத்தலு. சிதலும் கெத்தலும் எப்படி உறவாகும் என்று கேட்கலாம். இகரம், எகரம் முன்னால் ககரம் தமிழில் சகரமாக மாறியது, கன்னடத்தில் மாறவில்லை. நம் செவி அங்கே கிவி, நம் செய் அங்கே கெய். அதே வழியில்தான் இதுவும் போயிருக்கிறது.

தொல்காப்பியத்தின் அதே பகுதியில் அடுத்த படியில் "நண்டும் தும்பியும் நான்கறி வினவே" என்று இருக்கிறது. இந்தத் தும்பி எது? இன்று தும்பி என்றால் ஒல்லியான உடம்பும் கண்ணாடி இறக்கையுமாக நீர்நிலைமேல் பறக்கும் தட்டான். ஆனால் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி" என்று இறையனார் அழைப்பது பூந்தாது தேடும் ஒன்றை. தட்டான் பூவை எட்டிப் பார்க்காது. அது மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். ஆகப் பாட்டில் வருவது வண்டு. கன்னடத்தில் தும்பி என்றால் இன்றும் வண்டுதான், தெலுங்கில் தும்மெத என்றால் வண்டுதான். தமிழிலும் மலையாளத்திலும் மட்டும் பெயர் வண்டை விட்டுத் தட்டான்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. பழைய பாட்டைப் படிக்கும்போது தட்டானை மனதில் வைத்துக்கொண்டால் கவிதையே குழம்பிப்போகும். பள்ளியில் படித்த காலத்தில் எனக்கு அப்படித்தான் குழம்பியது.

இப்படிப் பெயர்கள் பூச்சி விட்டுப் பூச்சி தாவுவது சாதாரணம். நுளம்பு என்ற சொல்லை எடுங்கள். இலங்கைத் தமிழில் கொசுவுக்கு அதுதான் பெயர். தமிழ்நாட்டில் பலருக்கு அந்தச் சொல்லே தெரியாது. கன்னடத்தில் அதன் உறவுச் சொல்லான நொண என்பது ஈயைக் குறிக்கிறது. கொசுவும் பழைய சொல்தான். பழைய வடிவம் கொதுகு. மலையாளத்தில் இன்றும் கொதுகு. சின்ன ஈதானே கொசு என்கிற எண்ணம் ஸ்பானியர்களுக்கும் இருந்தது. மோஸ்கா என்றால் ஈ, மோஸ்கிட்டோ என்றால் குட்டி ஈ. ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. எல்லோரையும் தூங்கவிடாத பிறவிக்கு இப்படி ஒரு செல்லப் பெயர்.

ஒலியால் வந்த பெயர்கள் தனி வகை. பாலை நிலத்து வெயிலைச் சொல்லும் சங்கப் பாடல்களில் "சிள்வீடு கறங்கும்" என்று வரும். மரத்தில் உட்கார்ந்து சிள்ளென்று கத்தும் சில்வண்டுதான் சிள்வீடு. மலையாளத்தில் சீவீடு என்று அந்தப் பெயர் கிட்டத்தட்ட முழுசாகப் பிழைத்திருக்கிறது. வண்டின் ரீங்காரத்திலிருந்து பிறந்தது ஞிமிறு. உதடு மூடி மூக்கால் முனகிப் பாருங்கள், ஏறக்குறைய அந்தச் சொல் வந்துவிடும். இதையே மிஞிறு என்றும் சொன்னார்கள். எழுத்து இடம் மாறுவதற்குத் தசை–சதை, விசிறி–சிவிறி என்று இலக்கணத்தில் எடுத்துக்காட்டு தருவார்களே, அந்த வரிசையில் ஞிமிறு–மிஞிறும் உண்டு. ஆங்கிலத்தில் கிரிக்கெட் என்ற பூச்சியின் பெயரும் சத்தத்திலிருந்து வந்ததுதான். விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒளியால் வந்தது மின்மினி. மின் என்பதையே திரும்பச் சொன்னால் விட்டுவிட்டு ஒளிர்வதும் அதற்குள் வந்துவிடுகிறது. மலையாளத்தில் மின்னாமினுங்கு, கன்னடத்தில் மிஞ்சுஹுள, அதாவது மின்னல் புழு. இதில் விளக்க ஒன்றுமில்லை.

கரப்பானுக்கு வருவோம். கரத்தல் என்றால் ஒளித்தல், மறைத்தல். இரப்பவர்க்கு இல்லை என்று ஒளிக்காத நெஞ்சைத் திருக்குறள் "கரப்பிலா நெஞ்சின்" என்கிறது. கரப்பு, கரப்பான் என்ற பெயரையும் அந்தக் கரத்தலோடு சேர்த்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விளக்கைப் போட்டதும் சந்துக்குள் மறையும் அந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆங்கிலக் காக்ரோச்சின் வரலாறு வேறு மாதிரி. ஸ்பானியத்தில் குகராச்சா. வர்ஜீனியாவில் குடியேறிய கேப்டன் ஜான் ஸ்மித் 1624-இல் வெளியிட்ட நூலில் ஸ்பானியர்கள் சொல்லும் பெயர் என்று அதைக் 'காக்கரூட்ச்' என எழுதினார். ஆங்கிலேயர் காதுக்கு அந்தச் சொல் அந்நியமாக இருந்தது. காக் என்றால் சேவல், ரோச் என்றால் ஒரு மீன். இரண்டும் தெரிந்த சொற்கள். அந்த அச்சில் ஊற்றிவிட்டார்கள். சேவலுக்கும் மீனுக்கும் கரப்பானுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. புரியாத சொல்லைப் புரிந்த சொல்போல வளைத்துக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான். நம் வண்ணத்துப்பூச்சியிலும் அது நடந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். பழைய வழக்கில் வண்ணாத்திப்பூச்சி என்ற பெயரும் உண்டு. வண்ணாத்தி என்றால் துணி வெளுக்கும் பெண். பின்னால் வந்தவர்கள் வண்ணாத்தியில் வண்ணத்தைக் கண்டு சொல்லைத் திருத்தியிருக்க வேண்டும்.

கரப்பானை விடுவதற்கு முன் ஒன்று. வீடுகளில் காணும் சிறிய கரப்பானுக்கு அறிவியல் பெயரிலேயே 'ஜெர்மானிக்கா' என்று ஒட்டு இருக்கிறது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1767-இல் வைத்தது. ரஷ்யர்கள் அதைப் 'புருசாக்' என்கிறார்கள், அதாவது பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் ஆள். ஜெர்மானியர்களில் சிலர் அதையே 'ரஷ்யன்' என்கிறார்கள். பெரிய கரப்பானின் பெயர் 'அமெரிக்கானா'. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. வேண்டாத விருந்தாளி எப்போதும் பக்கத்து நாட்டுக்காரன்தான்.

மூட்டைப்பூச்சி துணிமூட்டையிலிருந்து வந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. மூட்டுப்பூச்சி என்றும் ஒரு வடிவம் இருக்கிறது. மூட்டு என்றால் இணைப்பு. கட்டில் சட்டங்கள் சேரும் மூட்டுதான் அதன் கோட்டை. இதற்கு வடமொழியில் மத்குணம். அதை வைத்து ஒரு கிண்டல் சுலோகம் உண்டு: இலக்குமி தாமரையில் தூங்குகிறாள், சிவன் இமயத்தில் தூங்குகிறான், திருமால் பாற்கடலில் தூங்குகிறான், எல்லாம் மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதான் போல என்று. ஆங்கிலத்தில் மூட்டைப்பூச்சியின் பெயரில் இருக்கும் 'பக்' என்ற சொல் ஒரு காலத்தில் பேயைக் குறித்தது. 1535-இல் அச்சான கவர்டேல் பைபிளில் 91-ஆம் சங்கீதத்தில் இரவில் எந்தப் பக்குக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று வருகிறது. இன்று படிப்பவர்கள் மூட்டைப்பூச்சி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அதனால் அந்தப் பதிப்புக்கே பக் பைபிள் என்று பட்டப்பெயர்.

பெரிய பிராணிகளின் பெயரைக் கடன் வாங்குவது இன்னொரு வழி. வெட்டுக்கிளி பச்சையாக இருக்கிறது, பயிரை வெட்டுகிறது, ஆகக் கிளி. தத்திப் போவதால் தத்துக்கிளி. தெலுங்குக்காரர்கள் பட்டாம்பூச்சியில் பார்த்த அதே கிளியை நாம் இதில் பார்த்திருக்கிறோம். இரவெல்லாம் சுவர் இடுக்கிலிருந்து கத்தும் பூச்சிக்குச் சுவர்க்கோழி என்று பெயர் வைத்தவரின் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். லத்தீனில் லோகுஸ்தா என்றால் வெட்டுக்கிளி, கடலில் வாழும் சிங்கி இறாலுக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் லோகஸ்ட், இன்னொரு பக்கம் லாப்ஸ்டர் என்று அது இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரோமர்களைக் குறை சொல்லத் தோன்றாது.

சிறிதாக, சிவப்பாக, யாரையும் கடிக்காமல் இருந்தால் மட்டும் மரியாதை எக்கச்சக்கம். கார்காலத்தில் ஈரமண்ணில் ஊரும் வெல்வெட் சிவப்புப் பூச்சியைச் சங்கப் பாடல்கள் மூதாய் என்கின்றன. சொல்லைப் பார்த்தால் முதிய தாய். வடமொழியில் அது இந்திரகோபம். கரும்புள்ளியுள்ள சிவப்பு வண்டுக்கு ஆங்கிலத்தில் லேடிபேர்ட்; அந்த லேடி கன்னி மரியாள். ஜெர்மனில் மரியாளின் வண்டு, ரஷ்ய மொழியில் கடவுளின் குட்டிப்பசு, எபிரேயத்தில் நம் குரு மோசேயின் பசு. முன்கால்களைக் கூப்பி நிற்பதால் நமக்குக் கும்பிடுபூச்சியான ஒன்றைக் கிரேக்கர்கள் மாண்டிஸ், அதாவது தீர்க்கதரிசி, என்றார்கள். அந்தக் கைகள் கூப்பியிருப்பது இரையைப் பிடிப்பதற்காக. பிடிபட்ட ஈயிடம் கேட்டிருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

புத்தகப் பூச்சிக்கு இராமபாணம் என்று பெயர். இராமன் அம்பு ஏழு மரங்களைத் துளைத்ததுபோல இது ஏடுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துளைக்கிறதாம். வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் பூச்சியைத்தான் பலர் இப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது வெள்ளி மீன். ஆனால் அது தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும் ரகம். நேர்க்கோட்டில் துளை போடுவது பெரும்பாலும் சில வண்டுகளின் புழுக்கள். பழி ஓரிடம், பாணம் ஓரிடம்.

அப்புறம் பூச்சி என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் பயன்படுத்திய சொல்லுக்கு 'வெட்டுப்பட்டவை' என்று பொருள், உடல் துண்டு துண்டாக இருப்பதால். அதை லத்தீனில் பெயர்த்ததுதான் இன்செக்ட். நம்மவர்கள் காலை எண்ணினார்கள். பழைய பாடல்களில் வண்டுக்கு அறுகாற் பறவை என்று பெயர் உண்டு. ஆறு கால் என்பதே இன்றும் பூச்சியின் இலக்கணம். ஆனால் பேச்சில் பூச்சி என்ற சொல் அந்த எல்லையை மதிப்பதே இல்லை. சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்று எண்ணிச் சொல்லிவிட்டே பூச்சியில் சேர்த்துக்கொள்கிறோம். மேலே சொன்ன மூதாய்க்கும் எட்டுக் கால்தான்.

மரவட்டைக்கோ கால்கள் நூற்றுக்கணக்கில். மரத்து அட்டை என்பதே அந்தப் பெயர், மரம் + அட்டை. அதன் கால்கள் அலை அலையாக நகர்வதையும் உடல் பெட்டி பெட்டியாக வளைந்து திரும்புவதையும் பார்த்த பிள்ளைகள் அதற்கு ரயில் பூச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூச்சிப் பெயர்களில் இது ஒன்றைத்தான் தண்டவாளம் போட்ட பிறகு பிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.